லாஞ்சுக்கு ஒரு கைப்பிடி

எந்தப் பொருளையும் அவர் முதலில் ஆட்டித்தான் பார்ப்பார். நாற்காலி கொடுத்தால் உட்காரும் முன் அதன் முதுகைப் பிடித்து இரண்டு ஆட்டு. மேசையில் டீயை வைத்தால் மேசைக்கு ஓர் ஆட்டு. ஒரு தடவை எங்கள் வீட்டு மணியை அடித்துவிட்டு, நான் வந்து திறப்பதற்குள் வாசல் நிலையைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தார். கதவைத் திறந்ததும், "நிலை நல்லா இறுகியிருக்கும்மா" என்று சந்தோஷப்பட்டார். வந்த காரியத்தை அதற்கு அப்புறம்தான் சொன்னார்.

பெயர் வேண்டாம். நான் சொல்லப்போவதில் அவர் வெளியில் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றும் இருக்கிறது. நாங்கள் ஓடாவியார் என்றுதான் குறிப்பிடுவோம், நேரில் அண்ணாச்சி. படகு கட்டும் தச்சரைத் தூத்துக்குடிக் கரையில் ஓடாவி என்பார்கள். இவருக்குப் பூர்வீகம் மணப்பாடு. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சின்னச் சிலுவை, காதில் பென்சில். அப்போதே ஐம்பது தாண்டியிருக்கும். லாஞ்சு என்கிற மோட்டார் படகுகள் மளமளவென்று கடலில் இறங்கிக்கொண்டிருந்த காலம் அது. அவற்றின் மேல்வேலைக்கு, அதாவது தளத்துக்கு மேலே இருக்கிற அறை, பெஞ்சு, கைப்பிடி எல்லாவற்றுக்கும் இவரைத்தான் தேடுவார்கள். வேலைக்குக் குறைவே இல்லாத மனிதர். அப்படிப்பட்டவர் எங்கள் கட்டடத்துக்குள் வந்து மாட்டிக்கொண்டது வாட்ச்மேன் காதால்.

எழுபதுகளின் நடுவில், கடலைப் பார்த்து ஏழு மாடிக் கட்டடம் ஒன்றைக் கட்டி, லிஃப்ட் வைத்து, வசதியானவர்களுக்கென்று விட்டிருந்தார்கள். மூன்றாம் மாடியில் நாங்கள். தரைத்தளத்தில் நாற்பதடி நீளத்துக்கு ஒரு ஹால் சும்மா கிடந்தது. குடியிருப்பவர்கள் மட்டும் வந்து உட்கார, பேப்பர் படிக்க, விருந்தாளியோடு காபி குடிக்க அதை அழகுபடுத்த வேண்டும் என்று கமிட்டி முடிவு செய்தது. 'ரெசிடென்ட்ஸ் லவுஞ்ச்' என்று அதற்கு முதலிலேயே பெயர் வைத்துவிட்டார்கள். பம்பாயில் நாலு வருஷம் இருந்தவள் என்று பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். பொய் சொல்வானேன், எனக்கும் ஆசைதான். பம்பாய் ஹோட்டல் ஒன்றின் முன்கூடத்தை மனசில் வைத்துக்கொண்டு, வெளிநாட்டுப் பத்திரிகையிலிருந்து படமெல்லாம் வெட்டி ஒட்டி ஒரு நோட்டே தயார் செய்துவிட்டேன். தாழ்வான சோபா, வழுவழுவென்று தரை, காலே தெரியாத மேசை. தாமிரபரணிக் கரையில் வயக்காட்டுப் பக்கம் பிறந்தவளுக்கு வந்த பவிசைப் பாருங்கள்!

வாட்ச்மேனிடம், "லவுஞ்சுக்கு உள்வேலை செய்ய நல்ல ஆளாகப் பார்த்துக் கூட்டிக்கொண்டு வா" என்றேன். அவன் கடற்கரைப் பையன். 'லவுஞ்சு' என்று உலகத்தில் ஒரு சாமான் உண்டென்று அவனுக்குத் தெரியாது. லாஞ்சு தெரியும். அம்மாவுக்கு நாக்குப் பிசகுகிறது என்று நினைத்திருப்பான்.

மறுநாள் காலையில் ஓடாவியார் அளவுகோலோடு வந்து நின்றார்.

"எங்கனம்மா நிக்கு?"

"எது?"

"லாஞ்சுதான். குடியிருக்கவங்களுக்குன்னு தனியா ஒண்ணு வாங்கியிருக்கீயளாமே. தண்ணில நிக்கா, கரையில ஏத்திப் போட்டிருக்கா?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு ஹாலைத் திறந்து காட்டினேன். அவர் ஹாலைப் பார்த்தார், ஜன்னல் வழியே கடலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இது ஹாலுல்லாம்மா."

"ஆமா அண்ணாச்சி. இதுக்குப் பேருதான் லவுஞ்ச். எல்லாரும் வந்து உக்காந்து பேசிட்டிருக்கதுக்கு."

"அதுக்கு வீட்டுக்குள்ள எடம் இல்லியா?"

"இருக்கு."

"பெறவு?"

நான் நோட்டைப் புரட்டினேன். அவர் நடு ஹாலில் நின்ற தூணைப் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டப் பார்த்தார். அது கான்கிரீட், அசையுமா? திருப்தியாகத் தலையை ஆட்டிக்கொண்டார்.

"சரி, லாஞ்சுன்னே வச்சுக்கிடுவோம். எத்தன பேரு ஏறுவாவ?"

அப்படித்தான் ஆரம்பித்தது. கடைசி நாள் வரைக்கும் அவர் லாஞ்சு என்றுதான் சொன்னார். நானும் பத்து நாள் திருத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

வேலைக்காரர் என்றால் அப்படியொரு வேலைக்காரர். பம்பாயிலிருந்து ஆசையாக வரவழைத்த பளபளப்பான கீல்களைக் காட்டினேன். ஒன்றை எடுத்து ஜன்னல் திண்டில் வைத்தார். "ஒரு வாரம் கழிச்சுப் பாப்போம்மா" என்றார். ஒரு வாரத்தில் உப்புக்காற்று அதைத் தின்று சிவப்பாக்கியிருந்தது. ஒரு வார்த்தை குத்திக்காட்டாமல் பித்தளையில் வேறு வாங்கி வந்து போட்டார்.

ஆனால் அவர் கை தரையை நம்பாது. எல்லா மேசை விளிம்பிலும் கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு சட்டம் அடித்தார், டம்ளர் வழுக்கி விழாமல் இருக்க. தொங்கும் விளக்குகள் ஆடாமல் ஒவ்வொன்றுக்கும் இரண்டு சங்கிலி. நாற்காலிகள் இருபத்துநாலையும் வரிசையாகத் தரையோடு சேர்த்து ஸ்க்ரூ வைத்து முடுக்கிவிட்டார். கமிட்டித் தலைவர் ஐந்தாம் மாடிக்காரர், மில்லில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், மடிப்புக் கலையாதவர். அவர் வந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரப் போனார். நாற்காலி வரவில்லை. இன்னொன்றை இழுத்தார். அதுவும் வரவில்லை. முகம் சிவந்துவிட்டது.

"என்னவே இது, நாற்காலி களவு போயிரும்னு பயமா?"

"களவு போவாது சார். சரிஞ்சு போவும்."

"இங்க எப்படிவே சரியும்? இது கட்டடம்!"

"தெரியுது சார். கை கேக்க மாட்டேங்கு."

ஸ்க்ரூவை எல்லாம் கழற்றச் சொன்னோம். முகம் வாடாமல் கழற்றினார். லிஃப்டில் மட்டும் அவர் ஏறவே இல்லை. ஒரே ஒரு தடவை எட்டிப் பார்த்து, உள்ளே நான்கு பக்கமும் கையால் துழாவிவிட்டு, "புடி இல்லாத பொட்டிக்குள்ள மனுசன் எப்படிப் போறது, மாதாவே!" என்று படியில் ஏறிப் போனார். புடி என்றால் அவருக்குக் கைப்பிடி. இருபது ஓட்டத்தில் ஒருநாள் கடல் தூக்கிப் போடும், அந்த ஒருநாளைக்குத்தான் மற்ற எல்லா நாளும் வேலை செய்வது என்பது அவர் கணக்கு. அப்போது எனக்கு இதெல்லாம் சிரிப்பாக இருந்தது.

என் வீட்டுக்காரரைப் பற்றி இப்போது சொல்லியாக வேண்டும். அவருக்குக் கப்பல் சர்வேயர் வேலை. புதுத் துறைமுகம் வேலை நடந்துகொண்டிருந்தது. பழைய துறைமுகத்துக்கு வரும் பெரிய கப்பல்கள் கரைக்கு வராமல் தூரத்தில் கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்கும். லாஞ்சில் போய், நூலேணியில் ஏறி, சரக்கைப் பார்த்து எழுதிக்கொடுத்துவிட்டுத் திரும்ப வேண்டும். அந்த ஆடி மாதம் கச்சான் காற்று பேயாய் வீசிய ஒரு நாளில், நூலேணியிலிருந்து லாஞ்சுக்குள் கால் வைத்தவர் விழுந்துவிட்டார். இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "ஏளா, கைய நீட்டுனேன். புடிக்க ஒண்ணும் இல்ல."

எலும்பு கூடிவிட்டது. தினமும் நீளமாக நடக்க வேண்டும், உட்கார்ந்தே இருந்தால் கால் இப்படியே இறுகிவிடும், அப்புறம் ஆயுசுக்கும் நாற்காலிதான் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கம்பு ஊன்றச் சொன்னார். இவர் கேட்க வேண்டுமே! "கம்ப ஊனிட்டு ஊரு முன்னால நொண்டிக்கிட்டுப் போணுமா? அதுக்கு வீட்டுலயே கெடக்கேன்" என்று பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு கட்டிலுக்கும் நாற்காலிக்குமாகப் பத்தடி போவார். வாசலைத் தாண்டமாட்டார். ஆடி போய் மார்கழி வந்தது. அவர் கால் சூம்பிக்கொண்டு வருவது எனக்குக் கண்ணுக்குத் தெரிந்தது.

நான் என்ன செய்தேன்? கட்டடத்தில் கேட்டவர்களிடமெல்லாம், "கால்ல சின்னச் சுளுக்கு, ஆபீஸ் வேலையை வீட்டிலேயே பார்க்கிறார்" என்றேன். அவருக்குத்தான் வெட்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கும்தான் வெட்கம். லவுஞ்ச் வேலையில் நான் அப்படி விழுந்து விழுந்து ஈடுபட்டதே அந்தப் பிரம்பு நாற்காலியைப் பார்க்காமல் இருக்கத்தான் என்பதை இன்றைக்கு ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மார்கழி ஆரம்பத்தில் ஒருநாள் தேக்கு மாதிரித் துண்டுகளைக் காட்ட ஓடாவியார் முதல்முறையாக எங்கள் வீட்டுக்கு வந்தார். உள்ளே கால் வைத்தவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"சர்வேயர் சார் வீடா இது?" என்று என்னிடம் மெல்லக் கேட்டார்.

"ஆமா. தெரியுமா?"

அவர் மரத்துண்டுகளை மேசை மேல் வைத்தார். என் வீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கவில்லை. டீ போடப் போனேன். வந்து பார்த்தால் மரத்துண்டுகள் மட்டும் மேசை மேல் இருந்தன, ஆளைக் காணோம். டீயை வேண்டாம் என்கிற மனிதரே இல்லை அவர். என்ன கோபமோ என்று நினைத்துக்கொண்டு அந்த டீயை நானே குடித்தேன்.

அடுத்த வாரம் ஹாலில் என் நோட்டில் இல்லாத ஒன்று முளைக்க ஆரம்பித்தது. வாசல் பக்கத்தில் தொடங்கி, இடுப்பு உயரத்தில், சுவரோடு சுவராக உருண்டையான தேக்குக் கட்டை. ஜன்னலுக்குக் கீழே ஓடி, மூலையில் வளைந்து, மறுபடியும் வாசலுக்கே வந்து சேரும்படி ஹாலைச் சுற்றி ஒரே கைப்பிடி.

"இது படத்துல இல்லியே அண்ணாச்சி?"

"புடிக்கதுக்கு ஒண்ணு வேணும்லாம்மா."

"யாருக்கு?"

"ஏறுறவங்களுக்கு."

மறுபடியும் லாஞ்சு கிறுக்கு தலைக்கேறிவிட்டது என்று விட்டுவிட்டேன். எனக்கு உறைக்கவே இல்லை. என் வீட்டிலேயே ஒரு மனிதர் சுவரைத் தடவித் தடவி நடந்துகொண்டிருக்கும்போது, அந்தக் கைப்பிடி யாருக்கு என்று எனக்குத் தோன்றவில்லை. இதை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கே ஆத்திரம் வரும்.

பொங்கலன்று திறப்பு விழா. நாலு நாள் முன்னால், சாயங்காலம், தலைவர் வீட்டில் கமிட்டி கூடியது. தலைவர் எடுத்த எடுப்பிலேயே கைப்பிடிக்கு வந்தார்.

"ஹால் ஜோரா இருக்கு. ஆனா சுத்தி ஒரு கட்டை ஓடுதே, அது என்ன? ஆஸ்பத்திரி வராந்தா கணக்கா இருக்கு. வாறவங்க என்ன நினைப்பாங்க? இங்க யாரு நோயாளி?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் கூடச் சிரித்தேன்.

"பொங்கலுக்குள்ள எடுத்துரச் சொல்லுங்கம்மா."

"சரி சார், சொல்லிருதேன்" என்றேன்.

எழுந்து மூன்றாம் மாடிக்கு வந்தேன். கதவு திறந்து கிடந்தது. பிரம்பு நாற்காலி காலி. கட்டிலில் இல்லை, குளியலறையில் இல்லை. லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுக்காமல் படியில் ஓடினேன்.

ஹாலில் அவர் நடந்துகொண்டிருந்தார். வலது கை கைப்பிடியில். அதை விடாமல் ஒவ்வொரு அடியாக, கடல் பக்கத்து ஜன்னலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். அவருக்கு ஓரடி பின்னால் ஓடாவியார், இரண்டு கையையும் விரித்து வைத்துக்கொண்டு, தொடாமல் வந்தார். வாட்ச்மேன் வாசலில் வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

நடந்தது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. நான் கமிட்டியில் இருந்தபோது ஓடாவியார் மேலே போயிருக்கிறார். "சார், லாஞ்சு ஒண்ணு முடிச்சிருக்கேன். நீங்க சர்வே பாத்துச் சொல்லணும்" என்றிருக்கிறார். அஞ்சு மாதமாக அவரை யாரும் எதையும் பார்த்துச் சொல்லச் சொன்னதில்லை. கால் எப்படி இருக்கிறது என்றுதான் எல்லோரும் கேட்டோம். "நான் எப்படிவே வாறது, புடிச்சிட்டு நொண்டிக்கிட்டா?" என்று இவர் எரிந்து விழ, ஓடாவியார் சொன்னாராம்: "கப்பல்ல எல்லாரும் புடிச்சிட்டுத்தான சார் நடக்காவ. கேப்டனும் புடிப்பாரு. யாரு யாரை நொண்டின்னு சொன்னா?" வாட்ச்மேன் இவரைத் தாங்கி லிஃப்டில் இறக்க, ஓடாவியார் மட்டும் படியில் இறங்கி வந்திருக்கிறார்.

என் வீட்டுக்காரர் கைப்பிடிக் கட்டைகள் சேரும் ஒரு மூட்டில் நின்று, அதில் நகத்தை வைத்துக் கீறிப் பார்த்தார். என்னைக் கண்டதும், "ஏளா, இங்கன வா. இந்தச் சேர்மானத்தைப் பாரு, நகம் நுழைய மாட்டேங்கு" என்றார். வேலைக்குப் போய் வந்த காலத்துக் குரல். நான் வாயில் சேலையை வைத்துக்கொண்டு அழுதேன். அழுதுகொண்டே உண்மையையும் சொல்ல வேண்டியிருந்தது.

"அண்ணாச்சி, கமிட்டியில இத எடுக்கச் சொல்லிட்டாங்க. நானும் சரின்னுட்டேன்."

ஓடாவியார் கைப்பிடியைப் பிடித்தார். இந்தத் தடவை ஆட்டவில்லை, சும்மா பிடித்துக்கொண்டு நின்றார்.

"எடுக்க மாட்டேம்மா" என்றார். "ஒருக்க எடுத்துட்டேன். சார் விழுந்த லாஞ்சுக்கு மேல்வேல நாந்தான். ஏணி வாற பக்கத்துல நல்லதா ஒரு புடி வச்சிருந்தேன். மூட்டை ஏத்த இடைஞ்சலா இருக்கு, எடுத்துருன்னு ஓனரு சொன்னாவ. வேண்டாம்னேன். சொன்னதச் செய்யின்னாவ. எடுத்துட்டேன். அடுத்த வாரம் சார் விழுந்தாவ. சேசுவே, அன்னையிலேருந்து எனக்கு உறக்கம் கெடையாது. இந்த வீட்டுலதான் இருக்காவன்னு தெரியாமத்தான் வந்தேன். பாத்த பெறவு டீ எப்படிம்மா எறங்கும்?"

என் வீட்டுக்காரர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பயமாக இருந்தது.

"அந்தப் புடி எனக்குத் தெரியும்" என்றார் கடைசியில். "ரெண்டு வருசம் அதத்தான் புடிச்சு எறங்குனேன். அன்னைக்கும் அது இருக்குன்னு நெனச்சுத்தான் கைய நீட்டுனேன்."

ஓடாவியார் தலையைக் குனிந்துகொண்டார். இவர் கைப்பிடி வழியாகவே நகர்ந்து அவர் பக்கம் போனார். நாலு அடி இருக்கும். போய் அவர் தோளில் கையை வைத்தார்.

"வச்சவரு நீங்க. எடுக்கச் சொன்னது வேற ஆளு. சர்வேயர் நாஞ் சொல்லுதேன், எழுதிக்கிடுங்க. இது இங்கன இருந்து போகப்பிடாது." என்னைப் பார்த்துத் திரும்பினார். "ஏளா, பேப்பரும் பேனாவும் கொண்டா."

அங்கேயே, சட்டம் அடித்த மேசையில் வைத்து எழுதினார். மேற்படி லாஞ்சைப் பரிசோதித்தேன், கைப்பிடி உறுதியாக உள்ளது, அதை அகற்றுவது ஏறுகிறவர்களுக்கு ஆபத்து என்று எழுதி, கீழே கையெழுத்து. அதை எடுத்துக்கொண்டு ஐந்தாம் மாடிக்குப் போனேன். தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"இது என்னம்மா?"

"சார், என் வீட்டுக்காரருக்குச் சுளுக்கு இல்ல. இடுப்பெலும்பு முறிஞ்சுது. கால் இறுகிப் போகும்னு டாக்டர் சொல்லிட்டாரு. அஞ்சு மாசம் கழிச்சு இன்னைக்குத்தான் வீட்ட விட்டு வெளிய வந்து நடந்தாரு. அந்தக் கட்டையப் புடிச்சுத்தான் நடந்தாரு. இங்க யாரு நோயாளின்னு கேட்டீங்களே. எங்க வீட்டுலதான் சார்."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இத அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா."

"சொல்லியிருக்கலாம் சார்."

அவ்வளவுதான். எங்கள் வீட்டில்தான் நோயாளி என்கிற அந்த ஒரு வரியை ஆடி மாதத்திலிருந்து வாய்க்குள் வைத்துக்கொண்டிருந்தேன்.

பொங்கலன்று காலையில் ஹால் நிறைந்துவிட்டது. ஏழு மாடிக்காரர்களும், அவர்களுடைய விருந்தாளிகளும். என் வீட்டுக்காரர் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் வாசலில் கைப்பிடியைப் பிடித்தார். கூட்டம் பார்த்துக்கொண்டிருக்க, மெதுவாக நடந்தார். நான் பக்கத்தில் போகவில்லை, போகக்கூடாது என்று சொல்லியிருந்தார். பாதி வழியில் தலைவர் எழுந்து வந்து அவரோடு பேசிக்கொண்டே நடந்தார். பேச்சு சுவாரசியத்தில் தலைவருடைய கையும் கட்டையைப் பிடித்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

ஓடாவியார் உள்ளே வராமல் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாதா கோவிலுக்குப் போகிற வெள்ளைச் சட்டை. ஒரு முழுச் சுற்று வந்து வாசலுக்குச் சேர்ந்த என் வீட்டுக்காரருக்கு மூச்சு வாங்கியது, முகமெல்லாம் வேர்வை.

"ஓடாவியாரே, உங்க லாஞ்சு ஆடலியே!" என்றார் எல்லோருக்கும் கேட்கும்படி.

ஓடாவியார் கைப்பிடியைப் பிடித்து வழக்கம்போல ஓர் ஆட்டு ஆட்டிப் பார்த்தார்.

"ஆடட்டும் சார்" என்றார். "நீங்க ஏறியாச்சுல்லா."

அவர் லாஞ்சு என்று சொன்னதை அன்றைக்கு அங்கே ஒருத்தரும் திருத்தவில்லை. டீ கொண்டுவந்து கொடுத்தேன். நின்றபடியே, மிச்சம் வைக்காமல் குடித்தார்.